ஜிம்மியின் வலது கன்னம்

தம்பி,

பக்கத்து வீட்டுச் சிவராசா அண்ணையின் மருமகன் லீவு முடிந்து திங்கட்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்துவிடும் பார்சலில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் இருக்கும். அதற்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். வடையைச் சாப்பிட்டுவிட்டே வாசி, அவசரமில்லை. போன் இருக்கும்போது அம்மாவுக்கு ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் முகத்தைக் கண்டால் என் வாயில் வருவது ஒரே சொல்தான்: "ஒண்டுமில்லை." இருபது வருடம் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று படிப்பித்தவள் நான். பேசினால் பொய் வருகிறது, எழுதினால் கொஞ்சம் வெட்கம் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். உன் அறையில் இருக்கும் மற்றப் பெடியன்களும் வாசிக்க விரும்பினால் கொடு. அவர்களுக்கும் ஊரில் அம்மாக்கள் இருக்கிறார்கள், அவர்களும் என்னைப் போலத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடந்த ஏழு வெள்ளிக்கிழமைகளாக நீ போனில் ஜிம்மியின் இடது பக்கத்தை மட்டும்தான் பார்த்தாய். வலது பக்கத்தை நான் உனக்குக் காட்டவில்லை. அந்தக் கன்னம் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. தைமாதம் உன் கலியாணத்துக்கு நீ வந்து படலையைத் திறக்கும்போது அவன் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவருவான், நீ அவன் முகத்தைப் பிடிப்பாய், அப்போது உனக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை நீ வந்து கண்டுபிடித்தது போதும்.

பயப்படாதே, அவன் உயிரோடு இருக்கிறான். இதை எழுதும்போது என் கதிரைக் காலடியில்தான் படுத்திருக்கிறான். ஆனால் அவன் உயிரோடு இருப்பது என் கெட்டித்தனத்தால் அல்ல.

ஆவணியில், சிறுபோகம் வெட்டி முடிந்த கிழமை தொடங்கியது. காலையில் குசினிக்குப் பின்னால் சோறு வைக்கப் போனேன். வலது கண் பாதி மூடி, அதற்குக் கீழே ஒரு தேசிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. குளவி குத்தியிருக்கும் என்று நினைத்தேன். சிவராசா அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, புடையன் கிடையன் தீண்டிச்சோ தெரியாது, வடிவாப் பாருங்கோ" என்றார். மயிரை விலக்கிப் பாம்பின் பல்லுத் தடம் தேடினேன், இல்லை. இரத்தம் இல்லை. வாலை ஆட்டினான், தண்ணீர் குடித்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டேன். மூன்றாம் நாள் வீக்கம் வற்றிவிட்டது. நான் பெரிய வைத்தியர் ஆகிவிட்டேன் என்று எனக்கே ஒரு நினைப்பு. அந்த வெள்ளிக்கிழமை நீ "ஜிம்மி என்ன செய்யிறான்?" என்று கேட்டாய். "நல்லாச் சாப்பிடுறான்" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

பத்து நாளில் அதே இடத்தில் திரும்ப வீங்கியது. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும், குளவி எங்கேயாவது ஒரே இடத்தைத் தேடி வந்து குத்துமா என்று. யோசிக்கவில்லை. திரும்பவும் பத்து. திரும்பவும் வற்றியது. பிறகு மூன்றாம் தரம் வந்தபோது வற்றவேயில்லை. இதற்கிடையில் அவன் சோற்றை இடது பக்கத்தால் மட்டும் மென்றான். காய்ந்த பாண் துண்டைப் போட்டால் வாயில் எடுத்து, கீழே போட்டு, என்னைப் பார்ப்பான். வாயருகே போனால் நாற்றம். இதெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. அடம் பிடிக்கிறான், வயது போகிறது, சாம்பல் கிடங்கைக் கிண்டியிருப்பான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னேன். எனக்கு நோகும்போது போடும் பரசிற்றமோலில் பாதியைச் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். அன்று பகல் முழுக்கச் சத்தி எடுத்தான். மனிதருக்குக் கொடுக்கும் நோக் குளிசை நாய்க்கு நஞ்சாகலாம் என்று பின்னால் மிருக வைத்தியர் சொன்னபோது, நான் எத்தனை கொடுத்தேன் என்பதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு தரம்தான் கொடுத்தேன், தம்பி. ஆனாலும் கொடுத்தேன்.

வீக்கம் வந்ததற்குக் காரணமும் நான்தான். ஒவ்வொரு வெள்ளியும் நீ "அவனுக்கு எலும்பு வாங்கிப் போடுங்கோ அம்மா" என்று சொல்வாய். ஆடியில் சிவராசா அண்ணை கொண்டுவந்து தந்த காட்டுப்பன்றியின் தொடை எலும்பை, பெரியதாகப் பார்த்து, அவனுக்குப் போட்டேன். உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேனே, அந்த எலும்புதான். கடிக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. எலும்பு வெடித்தது என்று நினைத்தேன். வெடித்தது அவன் பல்லு. உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ தூரத்தில் இருந்து அன்பாகச் சொன்னாய், நான் யோசிக்காமல் செய்தேன். அன்பு வைத்தவர்கள் கொடுத்ததில்தான் அவன் பல்லு உடைந்தது.

இப்போது அந்தச் சால்வைக் கதைக்கு வருகிறேன். உனக்கு நினைவிருக்கும். ஐந்தாவது வெள்ளிக்கிழமை மத்தியானம், வீக்கம் அவ்வளவு பெரிதாகிவிட்டது, இடது பக்கத்தைக் காட்டினாலும் மூக்குக்கு அந்தப்புறம் அது எட்டிப் பார்த்தது. நீ கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. கொடியில் ஒரு துவாய் கிடந்தது. அதை எடுத்து அவன் கழுத்தில் சுற்றி, கன்னம் மறையும்படி இழுத்துவிட்டேன். நீ தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

"என்னம்மா, கோயில் தர்மகர்த்தா மாதிரிச் சால்வை போட்டு வைச்சிருக்கிறியள்?"

"பனி தம்பி, குளிருது அவனுக்கு."

"புரட்டாதியில பனியோ?"

நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவன் விறாந்தை மூலையில், சுவரோடு ஒட்டி, துவாய் சுற்றிய முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தான். அது உன் அப்பா இருந்த மூலை. உன் அப்பா இருந்த மாதிரி. அப்படியே தரையில் இருந்து அழுதேன்.

நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. இன்றைக்குக் கதைக்கிறேன். நீ கிளிநொச்சியில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாய். சோதினைக்கு இன்னும் நாலு மாதம். அப்பாவுக்கு வெற்றிலை ஒதுக்கும் கன்னத்தில் உள்ளுக்குள் ஒரு புண் வந்தது. பிறகு வெளியே வீங்கியது. கராம்பு வைத்தோம், உப்புத்தண்ணீர் கொப்பளித்தோம், இதே மஞ்சள் பத்துத்தான் நான் அவருக்கும் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சொன்னது உண்மை. "பெடியன்ர சோதினை முடியட்டும். இப்ப போய்ப் படுத்தா அவன் புத்தகத்தை வைச்சிட்டு ஓடி வந்திடுவான்" என்று அவர் சொன்னதும் உண்மை. நான் அதை ஒத்துக்கொண்டேன் என்பதும் உண்மை. நீ போன் எடுக்கும்போதெல்லாம் "அப்பாவுக்குப் பல்லுக்குத்து, கதைக்க ஏலாமல் படுத்திருக்கிறார்" என்றேன். சோதினை முடிந்து நீ பெட்டியோடு வந்து இறங்கிய அன்று அவர் அந்த மூலையில் துவாயால் கன்னத்தை மூடிக்கொண்டு இருந்தார். நீ கிட்டப் போய்த் துவாயை விலக்கினாய். திரும்ப மூடிவிட்டாய்.

தெற்கே பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டொக்டர், மொழிபெயர்க்க ஒரு தாதியை வைத்துக்கொண்டு, ஒரே கேள்விதான் கேட்டார்: ஏன் இவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? எட்டு மாதத்தில் எல்லாம் முடிந்தது. அந்தியேட்டிச் சடங்கு முடிந்து பந்தல் பிரித்த அன்று, நீ தூண் கயிறு அவிழ்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "எனக்குச் சொல்லியிருக்கலாம் அம்மா." அவ்வளவுதான். கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அடுத்த கிழமை அக்கராயன் றோட்டில் கிடந்த ஒரு குட்டியைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தாய். "வீட்டில ஒரு சத்தம் வேணும்" என்றாய். எனக்கு நாய் பிடிக்காது என்று தெரிந்தும் கொண்டுவந்தாய். ஜிம்மி எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

ஒளிப்பது எங்கிருந்து எனக்கு வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். சண்டைக் காலத்தில் ஆனையிறவு மூடியிருந்தபோது, அந்தப் பக்கம் இருந்த என் அக்காவுக்கு எழுத, செஞ்சிலுவைச் சங்கத்தில் ஒற்றைத் தாள் ஒன்று தருவார்கள். ஒட்டக்கூடாது. திறந்தபடியே போக வேண்டும், யாரும் வாசிக்கலாம், குடும்ப நலம் தவிர வேறு எழுதக்கூடாது. மழைக்குத் தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு, கைக்குழந்தையான உனக்குக் காய்ச்சல் கொதிக்க, "நாங்கள் அனைவரும் நலம்" என்று எழுதினேன். அக்காவும் அங்கிருந்து "நாங்கள் நலம்" என்று எழுதினாள். அவளுடைய வீடு அப்போது கூரையில்லாமல் கிடந்ததாம், வருடங்கள் கழித்துத்தான் தெரியும். அந்தத் தாளில் வேறு எழுத வழி இல்லை, சரி. ஆனால் தாள் போய் எவ்வளவு காலம், தம்பி. இப்போது முகம் பார்த்துக் கதைக்கிற போன் இருக்கிறது. அதிலும் நான் அந்த ஒரு வரியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சால்வை வெள்ளிக்கு அடுத்த நாள் காலை, இனியும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு சரி, செய்த வேலை பிழை. மிருக வைத்தியரிடம் கொண்டு போவதற்குப் பதிலாக, வாயைத் திறந்து நானே பார்ப்போம் என்று போனேன். இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கைப் பெருவிரலால் வீக்கத்தை அமத்தினேன். ஆறு வருடத்தில் என்னைப் பார்த்து ஒருதரம் உறுமாத நாய் கடித்துவிட்டது. கடித்துவிட்டு உடனே விட்டான், பின்னால் போய்க் குனிந்து நின்றான். என் பெருவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இரண்டு ஓட்டை. சவுக்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவினேன், அதையாவது ஒழுங்காகச் செய்தேன். சிவராசா அண்ணை தன் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

தாதி கேட்டா: "நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கோ?"

போன வருடம் போட்டது. இந்த வருடம் ஊருக்குள் ஊசி போட வந்த நாளில் நான் வயலில் வெட்டு மெசினுக்குப் பின்னால் நின்றேன். பிறகு போடலாம் என்று விட்டது. போன வருட ஊசி அட்டை உன் மேசை லாச்சிக்குள் இருந்தது, ஆனால் திகதி கடந்துவிட்டது. எனக்கு ஊசி போட்டார்கள். "நாயைக் கட்டி வைச்சுப் பதினாலு நாள் பாருங்கோ. அடிச்சுப் போடாதேங்கோ, உயிரோட இருந்தால்தான் எங்களுக்கும் தெரியும்" என்று டொக்டர் சொன்னார். நல்ல காலம் அதைச் சிவராசா அண்ணைக்கும் கேட்கச் சொன்னார். ஏனென்றால் வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவர் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"தங்கச்சி, வாயால வீணீர் வடியுது. முகம் கோணிப் போச்சு. வளத்தவளையே கடிச்சிட்டுது. இனி என்னத்தைப் பாக்கிறது? என்ர பேரப்பிள்ளையள் இந்த வேலியாலதான் விளையாடுதுகள்."

அவர் சொன்னதில் ஒன்றும் பிழை இல்லை. விசர் நாயைக் கண்ட ஊர் இது. நான் ஜிம்மிக்கு முன்னால் போய் நின்றேன். "அண்ணை, என்ர பெடியன்ர அப்பாவைத்தான் பாத்துக்கொண்டிருந்து சாகவிட்டனான். இவனை வைத்தியம் பாக்காமலே சாகவிடமாட்டன். டொக்டர் பதினாலு நாள் எண்டவர். பதினைஞ்சாம் நாள் நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன்" என்றேன். எங்கிருந்து அந்தக் கதை என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. அண்ணை அலவாங்கை வேலியோடு சாத்திவிட்டுப் போனார். அது பதினாலு நாளும் அந்த இடத்திலேயே நின்றது.

மிருக வைத்தியராக இருக்கிற பெண்பிள்ளையைப் போனில் கூப்பிட்டேன். சின்னப் பிள்ளை, உன்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். மோட்டார்சைக்கிளில் வந்தா. கிட்டப் போகாமல் முதலில் எட்ட நின்று பார்த்தா. தண்ணீர் வைக்கச் சொன்னா. அவன் இடது பக்கமாகத் தலையைச் சரித்து நக்கிக் குடித்தான். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னா, வாலாட்டினான்.

"அம்மா, இது எத்தினை நாளா வந்து வந்து போகுது?"

"ரெண்டு மாசம்."

"கடினமானதைச் சாப்பிடுறதில்லை, ஒரு பக்கத்தாலதான் சப்புறான், வாய் மணக்குது. சரியோ?"

"ஓம் பிள்ளை."

"அப்ப பெரும்பாலும் பல்லுத்தான். மேல்வாய்ப் பெரிய பல்லின்ர வேர் கண்ணுக்குக் கீழதான் முடியுது. பல்லு வெடிச்சா சீழ் அங்கதான் போகும். ஆனா கடிச்சபடியா நான் இப்ப வாயைத் திறக்கமாட்டன். மருந்து தாறன், சோத்துக்குள்ள வைச்சுக் குடுங்கோ, கையை வாய்க்குள்ள விடாதேங்கோ. பதினாலு நாள் முடியட்டும், பல்லைக் கழட்டுவம்."

பதினாலு நாள் முடியட்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உன் அப்பாவின் "சோதினை முடியட்டும்" ஞாபகம் வந்தது. ஆனால் இந்தப் பிள்ளை சொன்னது வேறு. என்ன செய்வது என்று தெரிந்துகொண்டு, மருந்தைக் கையில் தந்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னா. நாங்கள் ஒன்றும் தெரிந்துகொள்ளாமல், தெரிந்துவிடுமே என்ற பயத்தில் காத்திருந்தோம். அந்த வித்தியாசம் இந்த வயதில்தான் எனக்கு விளங்கியது.

நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை உனக்கும் சொல்லிவைக்கிறேன், கலியாணத்துக்குப் பிறகு நெடுங்கேணியில் நீயும் உனக்குப் பேசின பிள்ளையும் குடித்தனம் நடத்தும்போது ஜிம்மியையோ வேறு ஒன்றையோ நீ வளர்க்காமல் விடப்போவதில்லை. ஒரு நாயின் முகம் கண்மூடித் திறப்பதற்குள் மூக்கு, சொண்டு, கண் மடல் எல்லாம் சேர்ந்து உப்பினால் அது பெரும்பாலும் குளவியோ தேனீயோ ஒத்துக்கொள்ளாத ஏதோ ஒன்று. குளிர்த் தண்ணீர்த் துணியை ஒற்று, ஆனால் கண்ணை மூச்சில் வை. மூச்சுக்கு இழுத்தால், சத்தி எடுத்தால், பல்முரசு வெளிறினால், கால் தள்ளாடினால் துணியைப் போட்டுவிட்டு ஓடு. பல்லுத் தடம் இருந்து, இரத்தம் கசிந்து, வீக்கம் பரவிக்கொண்டே போனால் பாம்பென்று எடுத்துக்கொள். வெட்டாதே, கட்டுப் போடாதே, விசக்கடிக்குப் பார்வை பார்க்கிறவரைத் தேடிக்கொண்டு நிற்காதே, நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போ. கண்ணுக்குக் கீழே மட்டும், ஒரு பக்கம் மட்டும், வந்து வற்றி வந்து வற்றினால் பல்லை நினை. என்னை ஏமாற்றியது அந்த வற்றல்தான். வற்றினால் சுகம் என்று அர்த்தமில்லை. குத்திச் சீழெடுக்கப் பார்க்காதே, உன் குளிசையைக் கொடுக்காதே, நோகிற இடத்தை அமத்திப் பார்க்காதே. உன்னில் எவ்வளவு பாசம் என்றாலும் நோகிற வாய் கடிக்கும். வீணீர் வடித்துக்கொண்டு, குணம் மாறி, விழுங்க முடியாமல் நிற்கிற நாயின் வாய்க்குள் எக்காரணம் கொண்டும் கையை விடாதே. வருடா வருடம் தடுப்பூசியைப் போடு, வெட்டு மெசின் ஒரு நாள் காத்திருக்கும். மரம் மாதிரி எலும்பைப் போடாதே. உன் நகத்தால் அமத்திப் பார், நகம் பதியாததை அவன் பல்லுக்குக் கொடுக்காதே.

பதினாலு நாளும் எப்படிப் போனது என்று கேள். ஒவ்வொரு காலையும் நான் குசினிக் கதவைத் திறக்க முன் "ஜிம்மி" என்று கூப்பிட்டுவிட்டு, சங்கிலிச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தேன். பிறகு தண்ணீர்ச் சட்டியைத் தடியால் தள்ளிவிட்டு, குடிக்கும்வரை நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் சிவராசா அண்ணையும் நிற்பார். அவன் தலையைச் சரித்து முதல் மிடறு குடித்ததும் அவர் திரும்பிப் போய்விடுவார். ஆறாம் நாள் கன்னம் தானாக வெடித்துக் கண்ணுக்குக் கீழே சீழ் வடிந்தது. ஒன்பதாம் நாள் மருந்து பிடித்து வீக்கம் இறங்கியது. பதினைந்தாம் நாள் காலை அண்ணை அலவாங்கை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, "வரம்புக்குக் கட்டை போட வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றே அவருடைய ஓட்டோவிலேயே கிளிநொச்சிக்குக் கொண்டுபோனோம். மயக்கிப் பல்லைக் கழற்றினார்கள். மேலிருந்து அடிவரை பிளந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் அந்தப் பல்லோடு நான் போட்ட சோற்றைத் தின்று வாலாட்டியிருக்கிறான்.

இப்போது அவன் வலது கண்ணின் கீழ் மடல் கொஞ்சம் தொங்கும். வெடித்த இடத்தில் மயிர் முளைக்காத ஒரு வட்டம். பார்வைக்கு ஒன்றுமில்லை. என் கையிலும் இரண்டு வடு, பெருவிரல் இன்னும் முழுதாக மடியாது, அதனால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது. அந்தப் பதினாலு நாளுக்குள் இரண்டு வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டிலும் போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையைச் சீலைக்குள் வைத்துக்கொண்டு, "நாங்கள் சுகம்" என்றேன். சால்வையைக் கண்டு தரையில் இருந்து அழுதவள்தான் அடுத்த வெள்ளியே இதைச் செய்தாள். எனக்கு அறிவு வருவதற்கும் பழக்கம் போவதற்கும் இடையில் அவ்வளவு தூரம். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் யாரும் கேட்டுப் பழகவில்லை. சொல்லியிருக்கலாம் என்று நீ அன்று சொன்னாய். ஓம், சொல்லியிருக்கலாம். அப்பாவை நீ இரண்டு மாதமாவது கூடப் பார்த்திருக்கலாம், அவர் கதைத்திருப்பார். சோதினையை அடுத்த வருடமும் எழுதியிருக்கலாம். அது என் பிழை, அவருடையது மட்டுமில்லை.

கலியாணம் கட்டப் போகிறவனுக்கு அம்மா சொல்ல வேறு புத்தி ஒன்றும் என்னிடம் இல்லை. வருகிற பிள்ளைக்கு நோகிற பக்கத்தைக் காட்டு. அவள் காட்டினால் அமத்தாமல் பார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைக் கேட்க எனக்குத் துணிவு வராமல்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன். கடைசி ஐந்து வெள்ளிக்கிழமைகளாக நீ தொப்பி போட்டுக்கொண்டு கதைக்கிறாய், கண்வரை இழுத்துவிட்டு. நீ இருக்கிற இடத்தில் வெயில் இல்லை. முன்பு கட்டிலில் சாய்ந்துகொண்டு கதைப்பாய், இப்போது படிக்கட்டில் இருந்துகொண்டு கதைக்கிறாய். "வேலை எப்படி?" என்றால் "ஒண்டுமில்லை அம்மா" என்கிறாய். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? "எப்படி" என்று கேட்பவளுக்கு "ஒண்டுமில்லை" என்பது பதில் இல்லை. அது என் சொல், தம்பி, என்னிடமிருந்துதான் நீ எடுத்தாய். கட்டடச் சாரத்தில் ஏறி நிற்கிற வேலை உனக்கு. அந்தத் தொப்பிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று நான் கேட்கவில்லை, கேட்டால் நீ ஜிம்மியின் கன்னத்தையும் என் வலது கையையும் கேட்டுவிடுவாய் என்ற பயத்தில். நீ நாயின் சால்வையைக் கண்டாய், நான் உன் தொப்பியைக் கண்டேன், இருவரும் சிரித்தோம்.

இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை நீ கூப்பிடும்போது நான் போனை வலது கையில் பிடிப்பேன். ஜிம்மியின் வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டுவேன், அவன் இப்போது விடுவான். நான் அழமாட்டேன், அழுதாலும் போனை வைக்கமாட்டேன்.

நீ தொப்பியைக் கழற்று.

அம்மா